முன்பக்கத்து யு.எஸ்.பி. விஷயமாக

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் மருமகளும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்த உடுப்புப் போட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் தெருமுனை வரை கேட்கிறது என்று நீதானே சொல்வாய். இது அடுத்த அறைக்குக்கூடக் கேட்கக்கூடாத சமாசாரம்.

வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று என்னைத் தனியாக அழைத்து, "அப்பா, அந்த கம்ப்யூட்டர்ல நான் வரைஞ்ச வீட்டு பிளான் எல்லாம் இருக்கு. அதுல ஒண்ணுகூட வெளிய போயிடக் கூடாது. ஒரு கண்ணு வெச்சுக்குங்க" என்று சொன்னாய். நான் இரண்டு கண்ணையும் வைத்து, விளக்கெண்ணெயும் ஊற்றிக்கொண்டுதான் பார்த்துவருகிறேன். யு.எஸ்.பி. ஓட்டையெல்லாம் ஷார்ட் ஆகி எரிந்துவிட்டது, முன்னால் செருகினாலும் பின்னால் செருகினாலும் வேலை செய்யாது என்றாய். நெட்டையும் நிறுத்திவிட்டுப் போனாய். ஆக, உள்ளே இருக்கிறது உள்ளேயேதான் இருக்கும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி போய்விட்டது.

மருமகள் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற சோடாபுட்டியின் கடைக்குப் போய்வருகிறாள். உன்னோடு படித்தவன்தானே, கண்ணாடியைக் கழற்றினால் வாசற்படி தெரியாதே, அவன்தான். நான் மருந்துக் கடைக்குப் போனபோது பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் எங்கே போனாய் என்று கேட்டதற்குக் காய்கறி வாங்கப் போனேன் என்றாள். காய்கறியும் வாங்கித்தான் இருந்தாள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பையில் தக்காளிக்கு அடியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. "கனமானதை மேல வெச்சா தக்காளி நசுங்கிடும்ல மாமா" என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களைத்தான் கிடங்கு வாசலில் நான் முதலில் ஓரமாக நிறுத்துவேன். இத்தனை வருஷம் வெளியே போகிற பையைத் திறந்து பார்த்த உத்தியோகம், மூக்கு அவ்வளவு சீக்கிரம் ஓய்வு பெறுமா?

அன்றைக்கே ஒரு காரியம் செய்தேன். கிடங்கில் சரக்குக் கதவுக்குச் சீல் ஒட்டுகிற மாதிரி, வெள்ளைக் காகிதத்தைப் பட்டையாகக் கிழித்துக் கையெழுத்துப் போட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகடு சேருகிற இடத்தில் ஒட்டினேன். பெட்டியைத் திறந்தால் காகிதம் கிழிந்து, திறந்தது எனக்குத் தெரிந்துவிடும். ஆள் அகப்பட்டுக்கொள்வாள் என்று காத்திருந்தேன். நடந்தது என்ன தெரியுமா? சாயங்காலம் ஸ்குரூ டிரைவரோடு என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, பெட்டியைத் தொறக்கணும். சீலை நீங்க கிழிக்கிறீங்களா, நான் கிழிக்கட்டுமா? மூடினதும் புதுசா ஒண்ணு ஒட்டிக்கலாம்" என்றாள். முகத்தில் ஒரு சலனம் இருக்க வேண்டுமே, கிடையாது. கேலி செய்கிறாளா, மரியாதைக்குக் கேட்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எதற்குத் திறக்க வேண்டும் என்று கேட்டேன். முன்பக்கத்து யு.எஸ்.பி.க்கு ஒரு கார்டு போடப் போகிறாளாம். எனக்குத் தெரிந்த கார்டு சீட்டாடுகிற கார்டுதான். இது பச்சை நிறத்தில் உள்ளங்கை அகலம், ஓரத்தில் தங்கப் பல் மாதிரி வரிசை. அதைச் செருகினால் எரிந்துபோன ஓட்டைக்கு மறுபடியும் உயிர் வந்துவிடும் என்கிறாள். உயிர் வந்தால் உன் பிளான் என்ன ஆகும்? அவள் உனக்கு ஒத்தாசையாகக் கோடு போட்டுக் கொடுத்தவள், எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போய் யாரிடமாவது கொடுத்துவிட்டால் உன் பிழைப்பு என்ன ஆகும்? யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மற்றபடி, தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது. என் முழங்கால் வலி தேவலை. மாடிவீட்டுக்காரரின் நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டது, அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

கார்டு போட விடலாமா கூடாதா, உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா


அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. உன்னிடமிருந்து பதில் வருவதற்குள் இதை எழுத வேண்டியதாகிவிட்டது. கார்டு போட்டாகிவிட்டது. என்னால் தடுக்க முடியவில்லை. தடுக்க முடியாதது மட்டும் இல்லை, நான்தான் டார்ச் பிடித்தேன்.

சொல்கிறேன், கோபப்படாதே. கூட இருந்தால்தானே என்ன செய்கிறாள் என்று பார்க்க முடியும், அதனால்தான் உட்கார்ந்தேன். பகலில், சன்னல் ஓரத்தில், தரையில் பழைய போர்வையை விரித்துப் பெட்டியைப் படுக்கவைத்தோம். சீலை நானே கிழித்தேன். உள்ளே ஒரு தலையணைக்குத் தேறும் அளவுக்குத் தூசி. முன்பக்கத்து ஓட்டையிலிருந்து ஒரு தடித்த ஒயர் உள்ளே வருகிறது, அதன் நுனி பெரிய பலகையில் செருகியிருந்தது. அவள் அதை ஆட்டாமல் அசைக்காமல் நேராக மேலே இழுத்து எடுத்தாள். பிறகு பின்பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டைக் கழற்றி, அந்த இடத்தில் கார்டை வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

இனி அந்தத் தடித்த ஒயரின் நுனியைக் கார்டில் செருக வேண்டும். கார்டில் ஊசி ஊசியாக இரண்டு வரிசைக் கம்பி. நான் கிட்டே டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன், ஒரு மூலையில் ஒரு கம்பியைக் காணோம். விடுவேனா? இங்கே இருந்த கம்பி எங்கே போயிற்று, சோடாபுட்டி பழைய சாமானை உன் தலையில் கட்டிவிட்டான் என்று பிடித்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள். "கம்பெனியே அப்படித்தான் மாமா செய்யறாங்க. ஒயர்லயும் அந்த இடத்துல ஓட்டை இருக்காது, பாருங்க. திருப்பிச் செருகிடக் கூடாதுன்னுதான்" என்றாள். பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. ஆனாலும் எல்லாம் செருகி பெட்டியை நிமிர்த்தி ஓடவிட்டால் ஒன்றும் ஆகவில்லை. பென்டிரைவைக் குத்துகிறாள், எடுக்கிறாள், குத்துகிறாள். முகம் வாடிப்போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம் நான் செய்ததுதான் எனக்கே புரியாத வேலை. கார்டின் ஓரத்தில் ஒரு வெள்ளை வாய் காலியாக இருந்ததை முதலிலேயே கவனித்திருந்தேன். கதவுக்குக் கதவு எண்ணிப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இது எதுக்கு சும்மா இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். கார்டுக்குக் கரண்டு அங்கேதான் கொடுக்க வேண்டுமாம், மறந்துவிட்டாள். மெஷினை அணைத்துவிட்டு, பெட்டிக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஒயரை எடுத்துச் செருகினாள். மறுபடி ஓடவிட்டதும் பென்டிரைவில் பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம் மினுக்கியது. "எரியுது மாமா, எரியுது" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினாள். நீ போனபிறகு இந்த வீட்டில் ஒருவர் சத்தமாகச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அது போகட்டும். எனக்கு வேறொன்று உறுத்தியது. இதே ஓட்டை, இதே ஒயர், அப்படியே வேலை செய்கிறதே, அப்படியானால் எரிந்தது எது? மறுநாள் சோடாபுட்டியிடம் நேராகப் போனேன். குடும்பத்துப் பெண்ணுக்கு இப்படி யோசனை சொல்லிக்கொடுக்கலாமா என்று சண்டை போடத்தான் போனேன். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எரியவெல்லாம் இல்ல அங்கிள். உள்ள செட்டிங்ஸ்ல யு.எஸ்.பி.யை நிறுத்தி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கு. நான் கழட்டி விடறேன்னுதான் சொன்னேன், பெரிய வேலை இல்ல. அவங்கதான் வேணாம், அது அவர் போட்ட பூட்டு, அதைத் தொட வேணாம், பக்கத்துல எனக்குன்னு ஒரு வழி பண்ணிக்கறேன்னாங்க. கார்டுக்கு அந்தப் பூட்டு செல்லாது. அதான் கார்டு" என்றான்.

கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற வரைக்கும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. மருமகளிடம் கேட்டேன். "எனக்குத் தெரியும் மாமா. அவர் கிளம்பின மறுநாளே தெரியும். செட்டிங்ஸைத் தொறந்தேன், பாஸ்வேர்டு கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன். "நீங்க அவருக்குக் காவல் இருக்கீங்க, உங்ககிட்ட என்னத்த மாமா சொல்றது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

ஆகவே கேட்கிறேன். எரிந்துவிட்டது என்று ஏன் என் தலையில் மிளகாய் அரைத்தாய்? பூட்டினேன் என்று சொல்லியிருந்தாலும் நான் காவல் இருந்திருப்பேன். பெற்ற அப்பனிடம் மறைக்கிற அளவுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? கிடங்கில், உள்ளே சரக்கு சரியாக இருந்தால் யாரும் சீலைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார்கள். நான் உன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டாலும் சரி, பதில் எழுது.

மோட்டாரை மருமகளே சரிசெய்துவிட்டாள். உனக்கு இருமல் விட்டதா?

அப்பா


மகனுக்கு,

உன் பதில் கிடைத்தது. அரைப் பக்கம். "எப்படியாவது அந்தக் கார்டைக் கழட்டி எடுத்துடுங்கப்பா, பிளான் ஒண்ணு வெளிய போனாலும் என் வேலைக்கு உலை" என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்றும் இல்லை. கடிதத்தைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தேன்.

இருந்தாலும் நீ என் மகன், உன் வேலைக்கு உலை என்றதும் கழட்டிவிடத்தான் நினைத்தேன். அவள் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். அந்தத் தடித்த ஒயரைப் பிடித்தும்விட்டேன். இழுத்திருந்தால் முடிந்திருக்கும். எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாமல் இழுக்க மனசு வரவில்லை. கிடங்கில்கூட மூட்டைக்குள் என்ன என்று தெரிந்துகொண்டுதான் காவல் இருந்தேன். ஒயரை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பார்த்தாள். திறந்த பெட்டியையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். "அந்தப் பிளானெல்லாம் எனக்குக் காட்டும்மா" என்றேன்.

காட்டினாள். கோடு கோடாக இருந்தது, எனக்கு என்ன புரியும். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி இது அறை, இது மாடிப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வீட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. இன்டர்வியூவுக்குப் போவதற்கு முன்னால் பெரிய காகிதத்தில் பிரிண்ட் போட்டு என்னிடம் விரித்துக் காட்டினாயே, "பாருங்கப்பா, நான் வரைஞ்சது" என்று, அதே வீடு. அன்றைக்குப் பெருமையில் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். வாசற்கதவுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு சின்னக் கல் தட்டு போட்டிருக்கிறது. இது எதற்கு என்று கேட்டேன். "ரெண்டு கையிலயும் பை இருக்கும் மாமா, சாவி எடுக்கணும்னா பையைக் கீழ வைக்கணும், பால் பாக்கெட் உருண்டு ஓடும். அதான் பை வைக்க ஒரு இடம்" என்றாள்.

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். இரண்டு கையிலும் பையோடு நீ எந்தக் கதவையும் திறந்தது கிடையாது. நீ மணியை அடிப்பாய், உள்ளேயிருந்து யாராவது வந்து திறப்போம். அந்தத் தட்டை உன் தலை யோசித்திருக்காது.

"இதை வரைஞ்சது நீயா?" என்று கேட்டேன். "எல்லாமே நான்தான் மாமா. அளவு அவர் எடுத்துட்டு வருவார், ஆளுங்ககிட்டப் பேசுவார். வரையறது நான்" என்றாள். உன் பேர் போட்டிருக்கிறதே என்றேன். "இன்டர்வியூக்கு பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததே நான்தான். பேரு இருந்தா இருந்துட்டுப் போகுது, அங்க போய் வாயால சொல்லிடுவார்னு நெனச்சேன்" என்றாள். வெட்கமாக இருந்ததடா. கிடங்கு வாசலில் ஊரான் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பையையெல்லாம் கிளறிப் பார்த்தேன். என் வீட்டு வாசல் வழியாக நீ அவளுடைய உழைப்பை அள்ளிக்கொண்டு போனாய், நான் உன் பயணப் பெட்டியைத் தூக்கிவந்து வண்டியில் ஏற்றி வழியனுப்பியிருக்கிறேன்.

சந்தேகம் என்று ஒன்று பிறந்துவிட்டால் அது யாரையும் விடாது. அவளையும் கேட்டேன், இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் என் மகனை மாட்டிவிடப் போகிறாயா என்று. இல்லை என்றாள். பஸ்ஸில் ஒரு மணி தூரத்தில் ஒரு கட்டட இன்ஜினியரம்மா ஆபீஸில் வரைய ஆள் தேடுகிறார்கள், வரைந்ததைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வெறுங்கையோடு போய் எனக்கு வரையத் தெரியும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? "அவர் பேரை நான் அங்க சொல்ல மாட்டேன் மாமா. அவர் வேலைக்கு என்னால எதுவும் வராது. என் கையால வரைஞ்சதை என் கையில கொண்டு போறேன், அவ்வளவுதான்" என்றாள். நம்பினேன். ஒருவரை முதல் தடவையிலேயே நம்பியது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல்.

இன்று காலையில் போயிருக்கிறாள். வரைந்தது அத்தனையும் அந்த முன்பக்கத்து ஓட்டை வழியாகத்தான் பென்டிரைவில் ஏறியது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏறுகிறவரைக்கும் பார்த்தேன். கார்டு அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. கழட்டமாட்டேன். நீ லீவில் வந்தால் நீயும் கழட்டக் கூடாது.

வேலை கிடைத்தால் அங்கேயே தங்க இடமும் தருவார்களாம். கிடைத்தால் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாயா என்று வாசலில் வைத்துக் கேட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, "சாயங்காலத்துக்கு உங்களுக்கு சாதம் வடிச்சு வெச்சிருக்கேன் மாமா" என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை. மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இனி எழுதாதே. அவளுக்கு எழுது. "வரைந்தது நீதான்" என்று அவளுக்கு ஒரு வரி போதும், அதை உன் கையெழுத்தில் எழுது. உன் ஆபீஸில் சொல்வதும் சொல்லாததும் உன் மனசாட்சி. அவளிடம் சொல்லாமல் விட்டால் நீ எத்தனை மாடி கட்டினாலும் என்னால் அண்ணாந்து பார்க்க முடியாது.

கடிதம் முடிக்கும்போது உனக்கு ஆசீர்வாதம் எழுதுவது என் வழக்கம். ஒரே பிள்ளை என்று என்னிடம் இருந்ததையெல்லாம் உனக்கே சேர்த்து வைத்திருந்தேன். இன்று காலை அவள் படியிறங்கும்போது மொத்தத்தையும் அவளுக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு வேண்டுமென்றால் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்.

அப்பா